பைக் மீனிடமிருந்து கையைக் காப்பது எப்படி? கரைக்கு வருவதிலிருந்து திரும்ப விடுவது வரை முழுமையான வழிகாட்டி

பைக் மீனால் கையைக் கிழித்துக்கொண்டவரிடம் கேட்டால் "கடிச்சிடுச்சு" என்றுதான் சொல்வார். பக்கத்தில் நின்று பார்த்தவரிடம் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். மீன் வாயைத் திறந்தபடி கிடந்தது, இவர் அவசரப்பட்டு விரலை உள்ளே விட்டார், மீன் ஒரு தடவை தலையை உதறியது. அவ்வளவுதான் நடந்தது.

நான் இந்த மீனைப் பிடிக்கத் தொடங்கிய நாட்களில் கிடைத்த அறிவுரையெல்லாம் "ஜாக்கிரதை, பல் பயங்கரமாக இருக்கும்" என்பதோடு நின்றுவிட்டது. எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று யாரும் சொல்லவில்லை. பல தடவை கையைக் கீறிக்கொண்ட பிறகு விளங்கியது இதுதான்: முறையாகப் பிடித்தால் பைக்கின் வாய்க்குள் கை போகவேண்டிய தேவையே இல்லை. விரல் போக வேறு வழி இருக்கிறது. வாய்க்குள் போவது கருவி மட்டும்.

முதலில் அந்த வாயைப் பார்த்துவிடுவோம்

ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் வேட்டை மீன் இது. 1758இல் லின்னேயஸ் இதற்கு ஈசாக்ஸ் லூசியஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். வாத்து அலகு போல நீண்டு தட்டையான மூஞ்சி, பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள், முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். 1986இல் ஜெர்மனியில் பிடிபட்ட சாதனை மீன் ஏறக்குறைய 25 கிலோ.

பற்கள் இரண்டு வகை. கீழ்த் தாடையின் இரு ஓரங்களிலும் பெரிய பற்கள், சிறு கத்திகளை நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். பார்த்ததும் பயப்பட வைப்பவை இவைதான். ஆனால் மேலண்ணத்தைப் பாருங்கள். அங்கே நூற்றுக்கணக்கான சிறு பற்கள் வரிசை வரிசையாகத் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். அடியில் கீல் வைத்ததுபோல் உள்பக்கமாக மடியும், வெளிப்பக்கமாக மடியாது. நாக்கிலும் சொரசொரவென்று பற்கள் உண்டு. பிடித்த இரை உள்ளே போகலாம், வெளியே வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

இதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? விரல் தவறி உள்ளே போய் வாய் மூடிக்கொண்டால் எல்லோரும் செய்வது கையை வெடுக்கென்று இழுப்பது. அப்படி இழுக்கும்போதுதான் சாய்ந்திருக்கும் பற்கள் தோலைக் கிழிக்கின்றன. கை உள்ளே இருக்கும்போது ஆகும் காயம் சில புள்ளிகள். இழுப்பதால் ஆகும் காயம் நீளமான கோடுகள். அதனால் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். மீனின் தலையைத் தரையோடு அசையாமல் அழுத்திவைத்து, வாயோரத்தில் குறட்டை நுழைத்துத் திறந்து, அப்புறம் விரலை எடுங்கள். அந்த நேரத்தில் இதைக் கடைப்பிடிப்பது கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு இடம் செவுள். செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்பு இழைகள் தெரியும். அந்த இழைகளைத் தாங்கும் வளைவு எலும்புகளின் உட்புறத்தில் அரம் போலக் கூரான முட்கள் இருக்கின்றன. பல்லுக்குப் பயந்து செவுளுக்குள் கண்டபடி விரலை விட்டவர்கள் அறுத்துக்கொள்வது இங்கேதான். தவிர, செவுள் இழை மீனின் மூச்சு. அதில் கை பட்டுக் கிழிந்தால் மீன் பிழைப்பது சந்தேகம்.

மூன்றாவது ஆபத்து மீனுடையதே அல்ல, நம்முடையது. ட்ரெபிள் ஹூக், அதாவது ஒரே தண்டில் மூன்று முனைகள் கொண்ட தூண்டில் முள். ஒரு முனை மீனின் வாயில் இருக்கும், மற்ற இரண்டும் காலியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். என் கணக்கில் பைக் பல்லைவிட இந்தக் காலி முனைகள்தான் பெரிய எதிரி. பல் கீறும், விட்டுவிடும். ஹூக் ஏறினால் மீனும் நீங்களும் ஒரே கம்பியில் கோத்தவர்களாகிவிடுவீர்கள்.

தூண்டில் போடும் முன்னே வாங்கிவைக்க வேண்டியவை

வேறு எதை மறந்தாலும் நீளமான குறட்டை மறக்கக்கூடாது. வீட்டில் மின்வேலைக்கு வைத்திருக்கும் நோஸ் பிளேயர் 15 செ.மீ. இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால் விரல் முட்டிகள் பல்லுக்கு நேர் மேலே வந்துவிடும். 25 முதல் 30 செ.மீ. நீளம் வேண்டும். மூக்கு மெலிந்திருக்க வேண்டும், பிடித்தால் பூட்டிக்கொள்ளும் வகையானால் இன்னும் நல்லது. ஒன்று தண்ணீரில் விழும், அதனால் இரண்டு.

அடுத்தது கட்டிங் பிளேயர். ட்ரெபிள் ஹூக்கின் தண்டை ஒரே அழுத்தில் துண்டாக்கும் அளவு உறுதியானது. இதைப் பையின் அடியில் வைப்பதும் வாங்காமல் இருப்பதும் ஒன்றுதான். இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது. இடுப்பில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இடது கையாலும் எட்ட வேண்டும், வலது கையாலும் எட்ட வேண்டும்.

பெரிய கைவலை, ரப்பர் பூசிய கண்ணிகள் கொண்டது. நைலான் நூல் வலையில் ட்ரெபிள் ஹூக் சிக்கினால் மீன் வலைக்குள் சுழலும், ஹூக் இன்னும் சிக்கும், நாம் அதை எடுக்கக் குனிந்து விரலை நீட்டுவோம். ரப்பர் வலையில் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மீனைப் போட ஒரு மெத்தை போன்ற பாயும் வேண்டும். பாய் மீனுக்குத்தானே என்று நினைப்பீர்கள். மெத்தென்ற ஈரப் பாயில் கிடக்கும் பைக் கல்லில் கிடப்பதுபோல் துள்ளுவதில்லை. மீன் துள்ளாவிட்டால் கைக்கு ஆபத்தும் இல்லை.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தூண்டில் நரம்பு இறுகியிருக்கும்போது ஹூக் வாயிலிருந்து நழுவினால், லூர், அதாவது ஹூக் மாட்டிய செயற்கை இரை, உண்டிவில்லில் வைத்த கல்லைப் போல முகத்துக்கே வரும்.

மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தொளதொளப்பான சட்டைக் கையும் வேண்டாம்.

கையுறை: வேண்டுமா, வேண்டாமா?

இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். நான் நடுவில் நிற்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன். காரணம் துணி தரும் பாதுகாப்பு மட்டுமல்ல. கையுறை போட்டிருக்கும்போது பயம் குறையும், பிடி தளராது. பயந்து பயந்து பிடிப்பவர் பாதியில் கையை எடுப்பார், அந்தப் பாதியில்தான் மீன் உதறும்.

மீனைப் பிடிக்கும் கைக்கு மட்டும் கையுறை போதும். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு அது இடது கை. மெல்லிய, உள்ளங்கையில் ரப்பர் பூசிய, மணிக்கட்டைத் தாண்டி நீளும் கையுறையாக இருக்கட்டும். புறங்கையும் மணிக்கட்டும்தான் கீழ்த் தாடைப் பல்லில் அடிக்கடி உரசும் இடங்கள், ஆனால் கடைகளில் கிடைக்கும் பல கையுறைகள் அங்கே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பருத்தியும் கம்பளியும் கூடாது; அவை மீனின் மேல் இருக்கும் வழவழப்பைத் துடைத்து எடுத்துவிடும். அந்த வழவழப்புதான் மீனுக்கு நோய்த்தடுப்பு. எந்தக் கையுறையானாலும் போட்டதும் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் விஷயம் ஒன்று இருக்கிறது. கெவ்லார் போன்ற இழையால் செய்த, கத்தி அறுக்காத கையுறைகள் அறுப்பைத்தான் தடுக்கும், குத்தைத் தடுக்காது. பல் உரசினால் தாங்கும். ஹூக் முனையோ ஊசி மாதிரி, இழைகளுக்கு நடுவே புகுந்து நேராகத் தோலுக்குப் போய்விடும். போதாததற்கு ஹூக் கையுறையில் மாட்டினால் கை மீனோடு கட்டுண்டு நிற்கும். அதனால் கையுறை இறுக்கமாக வேண்டாம். ஓர் இழுப்பில் கையை உருவிக்கொண்டு கையுறையை மீனிடமே விட்டுவிட முடிய வேண்டும்.

பழகியவர்கள் பலர் வெறுங்கையால்தான் பிடிக்கிறார்கள். விரல் எங்கே போகிறது என்று தொட்டு உணர முடிவதால் அது அவர்களுக்குச் சரி. குளிர்காலத்தில் மட்டும் கவனம். விரல் மரத்துப்போனால் எலும்பை உரசுகிறோமா செவுளை உரசுகிறோமா என்று தெரியாது. வெட்டுப்பட்டதே ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

எதிர்முள்ளை நசுக்குங்கள்

ஹூக்கின் முனைக்குக் கீழே பின்னோக்கி ஒரு சிறு முள் இருக்கும். அதுதான் எதிர்முள். குறட்டால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், ஐந்து விநாடி வேலை. நரம்பைத் தளரவிடாமல் இழுத்து வந்தால் மீன் அதிகம் தப்புவதில்லை. அப்படியே ஒன்றிரண்டு தப்பினாலும் போகட்டும். எதிர்முள் இல்லாத ஹூக் மீனின் வாயிலிருந்து பாதி நேரத்தில் வரும், உங்கள் விரலில் ஏறினாலும் வந்த வழியே திரும்பி வரும். லூரில் இரண்டு ட்ரெபிள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முனை ஹூக்கை மாட்டுவதும் நல்ல வழக்கம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை எத்தனை குறைகிறதோ, கைக்கு அத்தனை நல்லது.

மீன் கரைக்கு அருகில் வரும்போது

இதுவரை சொன்னது தயாரிப்பு. இனிமேல்தான் கை களத்தில் இறங்குகிறது.

கரையோரத்தில் பைக் சாதுவாக வரும். அதை நம்பாதீர்கள். வலையைக் கண்டதும் ஒரு தடவை, தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒரு தடவை உதறும். உதறி, பாய்ந்து, திரும்பக் களைத்து வரும் வரை பொறுங்கள். களைப்பு என்றால் மீன் சாகக் கிடக்கும் வரை இழுத்தடிப்பது என்று பொருளல்ல. சாய்ந்து பக்கவாட்டில் மிதக்கத் தொடங்கினால் போதும்.

நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு மீனை இழுக்காதீர்கள். பிரெய்டு நரம்பு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, நூலைப் போல மெல்லியது, மீன் ஓடினால் கத்தியைப் போல விரலை அறுக்கும். பைக்கின் பல்லுக்குத் தாங்குவதற்காக நரம்பின் நுனியில் உலோகக் கம்பித் துண்டு ஒன்று கட்டியிருப்போம், இல்லையா? அதுவும் முறுக்கிய மெல்லிய இழைகளால் ஆனது. பழசானால் ஓர் இழை அறுந்து ஊசிபோல் வெளியே நிற்கும். அது நகக்கண்ணில் ஏறினால் என்ன ஆகும் என்று எழுதி விளக்க வேண்டியதில்லை.

முதலில் வலையைத் தண்ணீரில் ஆழ்த்தி அசையாமல் வைத்துக்கொண்டு, மீனை வலைக்கு மேலே இழுத்து வந்து, பிறகு தூக்குங்கள். வலையை மீனை நோக்கி வீசித் துரத்தினால் லூரில் இருக்கும் காலி ஹூக் வலை விளிம்பில் மாட்டும். மீன் பாதி உள்ளே பாதி வெளியே.

சின்ன மீன்தானே, வலை எதற்கு என்ற எண்ணம் வரும்போது நின்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் 40, 50 செ.மீ. பைக்தான் மிக ஆபத்தானது. பெரிய மீன் ஒன்றிரண்டு தடவை கனமாக உதறிவிட்டு ஓய்ந்துவிடும். சின்னது நிறுத்தாமல் பாம்பைப் போல நெளியும். கைப்பிடிக்கு அடங்காது, செவுள் மூடிக்குள் விரலுக்கு இடமும் இருக்காது. அதோடு நாமும் அலட்சியமாக இருப்போம்.

மீன் வலைக்குள் வந்ததும் அவசரம் இல்லை. வலையைத் தண்ணீரிலேயே வைத்து மீன் மூச்சு வாங்கட்டும். அந்த நேரத்தில் குறடு எடுத்து வைத்து, பாயில் தண்ணீர் ஊற்றி, ஹூக் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். வாயின் நுனியில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டியிருந்தால் மீனைத் தொடவே வேண்டாம். வலை தண்ணீரில் இருக்கும்போதே நீளக் குறட்டால் ஹூக்கைப் பிடித்துத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. படகில் இருந்து பிடிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

தாடைப் பிடி

தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், இந்தப் பிடியைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குத் துணைதான். கொடுவா போன்ற மீனைத் தாடைக்குள் கட்டைவிரல் விட்டுத் தூக்கிப் பழகியவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும்.

மீனைப் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அதன் இரு பக்கமும் முழங்கால் ஊன்றி, மீனின் மேல் உட்காராமல் கால்களுக்கு நடுவில் அணைத்ததுபோல் மண்டியிடுங்கள். மல்லாந்து கிடக்கும் பைக் பெரும்பாலும் அமைதியாகிவிடும். நரம்பு தளர்வாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கூட யாராவது இருந்தால் தூண்டில் கோலை அவர்களிடம் கொடுத்து, இழுக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். காலி ஹூக் எந்தப் பக்கம் தொங்குகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கத்துச் செவுள் மூடியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது தாடையின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்தபடி இருக்கும். இரண்டு செவுள் மூடிகளும் தொண்டையில் தொடங்கி முகவாய் நோக்கி நெருங்கி, கூம்பாகச் சேர்வது தெரியும். இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, மூடியின் விளிம்புக்குள் மெல்ல நுழையுங்கள். விரலின் நகப்பக்கம் உள்ளே, சதைப்பக்கம் மூடியின் உட்சுவரை ஒட்டியபடி. அந்தச் சுவர் வழவழவென்று, கிண்ணத்தின் உட்புறம் போல இருக்கும். அந்த வழவழப்பை விட்டு விரல் விலகவே கூடாது. சொரசொரப்பாகவோ பஞ்சு மாதிரி மெத்தென்றோ ஏதாவது தட்டுப்பட்டால் செவுளைத் தொடுகிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்தி, விரலைப் பின்னுக்கு எடுத்து, சுவரை ஒட்டித் திரும்ப நுழையுங்கள்.

அப்படியே முகவாய்ப் பக்கமாக விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் எலும்பு தட்டும், அதற்கு மேல் போகாது. அதுதான் பிடி. கட்டைவிரலை வெளியே, தாடைக்கு அடியில் வைத்து இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கட்டைவிரல் உதட்டு விளிம்பைத் தாண்டி வாய்ப்பக்கம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம்தான் கத்திப் பற்கள் நிற்கின்றன. பெரிய மீன் என்றால் நான்கு விரல்களும் உள்ளே போகும். சின்ன மீனுக்கு ஒரு விரல்தான்.

இனி மீனின் தலையைப் பாயிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள். வாய் தானாகத் திறக்கும். முதல் தடவை இதைப் பார்க்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். நெம்பவும் வேண்டாம், பிளக்கவும் வேண்டாம்.

மீன் உதறினால்? விடாதீர்கள். கையும் தலையும் ஒன்றாக அசையட்டும். தலையைப் பாயில் இறக்கி, பிடியை விடாமல், உதறல் நிற்கும்வரை காத்திருங்கள். விரல் எலும்பைக் கவ்வியிருக்கும்வரை எதிலும் உரசாது. பாதியில் விரலை உருவினால்தான் செவுள் முள்ளும் பல்லும் குறுக்கே வரும். கையை எடுத்தே தீர வேண்டும் என்றால் போன வழியே, சுவரை ஒட்டியே திரும்புங்கள்.

உடம்பு பாயில் இருக்க, தலை மட்டும் உயரட்டும். கனமான மீனைத் தாடையில் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டால் தாடை மூட்டுக்கும் கேடு, உங்கள் பிடிக்கும் கேடு.

இந்தப் பிடி தெரியாத காலத்தில் கண்குழிகளில் விரலை ஊன்றித் தூக்கினார்கள். கொடுமை, அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. வாயைப் பிளக்கும் ஸ்பிரிங் கம்பியும் இருக்கிறது. அதன் கூர்முனைகள் அண்ணத்தைக் குத்தும், எப்போது நழுவும் என்றும் தெரியாது, நழுவினால் வாய் பொறிபோல் மூடிக்கொள்ளும். தாடையைக் கவ்வும் இடுக்கிப் பிடிகளும் விற்கிறார்கள். கை வாயிலிருந்து தள்ளி இருக்கும் என்பது அதில் உள்ள நன்மை. மீன் சுழன்றால் தாடை கிழியும் என்பது தீமை. சின்ன மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் பிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

ஹூக்கை எடுப்பது

வலது கையில் குறடு. பல்லின் பக்கவாட்டில் இருந்து வராமல், வாயின் முன்பக்கம் நேராக நுழையுங்கள். ஹூக்கின் வளைவை இறுக்கிப் பிடித்து, ஏறிய திசைக்கு எதிராகத் திருப்பித் தள்ளுங்கள். எல்லோரும் இழுக்கிறார்கள், தள்ளினால்தான் முனை வெளியே வரும். இரண்டு ட்ரெபிள் மாட்டியிருந்தால் வாயின் வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுங்கள். எடுத்ததை அப்படியே தொங்கவிட்டு அடுத்ததற்குப் போனால், அது உங்கள் புறங்கையில்தான் ஏறும். பாயின் ஓரத்துக்கோ வெளியே இன்னொரு குறட்டின் பிடிக்கோ ஒதுக்கிவையுங்கள்.

லூர் பாதி வந்து பாதி மாட்டியிருக்கும்போது "கையாலேயே எடுத்துவிடலாம்" என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டு நடந்ததன் தழும்பு என் வலது கட்டைவிரலில் இருக்கிறது.

தொண்டைக்குள் ஆழமாகப் போயிருந்தால் வாய் வழியாகப் போராடாதீர்கள். கம்பியை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தால் ஹூக்கின் மேல்பகுதி தெரியும். செவுள் மூடியைத் தூக்கி, செவுள் வளைவுகளின் நடுவே இழைகளில் படாமல் மெல்லிய குறட்டை நுழைத்து, ஹூக்கைப் பிடித்துத் தலைகீழாகப் புரட்டினால் முனைகள் விடும். இங்கும் போவது குறடுதான், விரல் இல்லை. இரண்டு மூன்று முயற்சியில் வராவிட்டால் கட்டிங் பிளேயரால் ஹூக்கைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். ஹூக் பத்து வாங்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் கம்பியை எவ்வளவு உள்ளே முடியுமோ அவ்வளவு உள்ளே வெட்டிவிட்டு மீனை விட்டுவிடுவதே மேல். இந்த நிலைமை வராமல் இருக்க, மீன் இரையைத் தொட்டதும் காலம் தாழ்த்தாமல் சுண்டுங்கள். விழுங்கட்டும் என்று காத்திருப்பவருக்குத்தான் தொண்டை ஹூக் வாய்க்கும்.

மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரத்தை அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மனதில் எண்ணிக்கொண்டே செய்யுங்கள். நேரமானால் ஈரப் பாயோடு, அல்லது வலையோடு தண்ணீரில் இறக்கி மூச்சு வாங்கவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில்தான் கை தவறும்.

விடும்போது வால் கட்டையை ஒரு கையாலும் வயிற்றடியை ஒரு கையாலும் தாங்கி, தண்ணீரில் நிமிர்த்திப் பிடியுங்கள். அதுவே உதைத்துக்கொண்டு போகும். முகத்துக்கு முன்னால் மட்டும் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

ஹூக் கையில் ஏறிவிட்டால்

என் கதை இதுதான். முழங்கை நீளம்கூட இல்லாத பைக். வலையை விரிக்கச் சோம்பல். கம்பியைப் பிடித்துத் தூக்கிவிட்டு, லூரை ஒதுக்க இடது கையை நீட்டினேன். மீன் ஓர் உதறு உதறியது. ட்ரெபிளின் ஒரு முனை மீனின் தாடையில், இன்னொரு முனை என் ஆள்காட்டி விரலில். அதற்கப்புறம் மீன் துள்ளிய ஒவ்வொரு துள்ளலும் விரலுக்குள் நேராக வந்தது. கட்டிங் பிளேயர் இரண்டடி தள்ளி, ஜிப் போட்ட பைக்குள். ஒரு கையால் மீனைப் புல்லோடு அமுக்கிக்கொண்டு பல்லால் ஜிப்பைத் திறந்தேன். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பிளேயர் இடுப்பில்தான் தொங்குகிறது.

இப்படி ஆனால் முதல் வேலை மீனை அசையாமல் தரையோடு அழுத்துவது. இரண்டாவது, உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் ஹூக் தண்டை வெட்டுவது. விரலைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.

எதிர்முள் நசுக்கிய ஹூக் என்றால் போன வழியே மெதுவாகத் திருப்பி எடுத்துவிடலாம். எதிர்முள் இருந்தால், ஆழமில்லாத இடங்களில் நூல் முறை ஒன்று உண்டு. முதலில் மற்ற முனைகளை வெட்டிவிட வேண்டும். வளைவில் உறுதியான நரம்பைக் கண்ணியாகப் போட்டு, ஹூக்கின் தண்டைத் தோலோடு ஒட்டக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலுக்கு இணையாக நரம்பை ஒரே வெடுக்கில் இழுப்பது. தண்டை அழுத்தும்போது எதிர்முள் சதையிலிருந்து விடுபடும், அதனால்தான் வருகிறது. தனியாக ஒரு கையால் செய்வது கடினம், கூட ஒருவர் வேண்டும். எதிரே யாரும் நிற்கக்கூடாது. முகம், கண் அருகே, விரல் மூட்டு, ஆழமாக ஏறியது: இவற்றில் கைவைக்காமல், தண்டு அசையாதபடி ஒட்டுப்போட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பல்லில் கிழிந்தால்

பைக் வெட்டு லேசாகத் தெரியும், ரத்தம் மட்டும் நிற்காது. பல் அவ்வளவு கூர் என்பதால் வெட்டு பிளேடு போட்டதுபோல் சுத்தமாக விழுகிறது. கை வேறு எப்போதும் ஈரம், உறையத் தொடங்கும் ரத்தத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டே இருக்கும். ஏரித் தண்ணீரில் கையை முக்கி முக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். கொண்டுவந்த குடிநீராலும் சோப்பாலும் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். எடுத்துப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். நின்றதும் கிருமிநாசினி போட்டு, நீர் புகாத பிளாஸ்திரி.

காயம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாலும், அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மடக்க வராமலோ நுனி மரத்தோ போனாலும் மருத்துவமனைதான். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டாலும் அப்படியே.

அடுத்த சில நாட்களும் கையைக் கவனியுங்கள். மீன் கையாள்பவர்களுக்கு வரும் எரிசிபெலோத்ரிக்ஸ் தொற்று இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எரிச்சலோடு ஊதாச் சிவப்பு வீக்கமாகப் பரவும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இன்னும் கள்ளத்தனமானது. காயம் ஆறிவிட்டது என்று நாம் மறந்து, சில வாரம் கழித்து அதே இடத்தில் ஆறாத சிறு கட்டியாக எழும்பும். பால்டிக் கடலோரம் போன்ற உவர்நீரிலும் பைக் வாழ்கிறது. அங்கே வெயில்காலத்தில் காயம்பட்டு, சில மணி நேரத்தில் வீக்கமும் காய்ச்சலும் ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த நிலையிலும் மருத்துவரிடம் "மீன் பல் பட்ட காயம், இந்த மாதிரித் தண்ணீர்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சாதாரண வெட்டு என்று நினைத்துக் கொடுக்கும் மருந்து இந்தக் கிருமிகள் எல்லாவற்றுக்கும் கேட்பதில்லை.

மூட்டை கட்டும்போது

கம்பியை விரலால் தடவிப் பார்த்து இழை அறுந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். விரலால் வேண்டாம், ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு மாட்டும். சமைக்க எடுத்துப்போகும் மீன் செத்துவிட்டாலும் பல் சாகவில்லை. வெட்டும் முன் வாயை ஒரு துணியால் கட்டிவிடுங்கள்.

அப்புறம் பாய். ஹூக்கை வெட்டிய அன்று துண்டு முனைகள் எங்கேயோ தெறித்திருக்கும். பாயை உள்ளங்கையால் துடைத்து மடிக்காமல், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு டப்பாவின் மேல் உதறி, எத்தனை வெட்டினோமோ அத்தனை துண்டும் விழுந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மடியுங்கள்.